படத்தைக் கொடுக்கும் முன் எழுத்தில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தீவின் குதிரைகளும், கசூரினாக் கடற்கரையின் சவுக்கு மரங்களும், சங்குப்பிட்டிப் பாலத்தின் மாலை வெளிச்சமும் இன்று ஹொட்டேல் சுவர்களிலும் வங்கி நாட்காட்டிகளிலும் சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களிலும் பனங்கட்டிப் பொதிகளின் மேலட்டைகளிலும் இடம்பிடிக்கின்றன. அப்படங்களை எடுப்பவர்களில் பலர் எங்கள் ஊர்களிலேயே இருக்கும் இளைஞர்களும் யுவதிகளும் ஆவர். அவர்களில் ஒருவருக்கு முதன்முறையாக ஒரு நிறுவனத்திடமிருந்து, "முகநூலில் உங்கள் படத்தைப் பார்த்தோம், எங்களுடைய விளம்பரத்துக்குப் பாவிக்க விரும்புகிறோம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று ஒரு செய்தி வரும்போது, வந்த மகிழ்ச்சியில் அன்றைக்கே ஒரு தொகையைச் சொல்லி, வட்ஸ்அப்பில் படத்தையும் அனுப்பிவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாகப் படப்பிடிப்பு நிலையம் நடத்திவருபவன் என்ற வகையில், இத்தகைய செய்திகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களுக்கு நான் சொல்லிவருவதைத் தங்கள் பத்திரிகையின் வழியாக மற்றவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கேள்விக்குத் தொகையொன்றை விடையாகச் சொல்வதற்கு முன்னர் கேட்டுத் தெளிய வேண்டியவை பல உள்ளன. தெளிந்தவற்றை இருதரப்பும் எழுத்தில் ஒப்பமிட்டுக்கொள்ள வேண்டும்.

நிறுவனம் கேட்பது படத்தையா, படத்தைப் பயன்படுத்தும் அனுமதியையா என்பதே முதலிற் தெளிய வேண்டியது. காணி விடயத்தில் இந்த வேறுபாட்டை எங்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஒற்றிக்குக் கொடுப்பது எது, குத்தகைக்குக் கொடுப்பது எது, அறுதியாக விற்பது எது என்பதை யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமாகிய தேசவழமையோடு வளர்ந்த மக்கள் நன்கு அறிவார்கள். இரண்டு போகத்துக்குத் தோட்டக் காணியைக் குத்தகைக்குக் கேட்டவருக்கு உறுதியை எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புபவர் எவரும் இல்லை. ஆனால் படம் என்று வந்தவுடன், ஓராண்டு நாட்காட்டிக்குக் கேட்டவருக்கு ஆயுட்காலத்துக்கும் எல்லா உரிமைகளையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். கொடுத்ததையே அறியாமல் இருந்துவிடுகிறோம்.

இலங்கையில் இதனை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒளிப்படம் அச்சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்படும் படைப்புகளுள் ஒன்று. படைக்கப்பட்ட மாத்திரத்திலேயே பாதுகாப்புக் கிடைத்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, படத்தின் மூலையில் பதிப்புரிமைக் குறியீட்டை இட வேண்டியதும் இல்லை. படைத்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைந்தபின் 70 ஆண்டுகளும் பொருளாதார உரிமைகள், அதாவது படத்தைப் பிரதி செய்யவும் வெளியிடவும் அதற்குப் பிறரை அனுமதிக்கவும் உள்ள உரிமைகள், நீடிக்கும். அதாவது, இன்று இருபது வயதில் ஒருவர் எடுக்கும் படத்தின் வருமானம் அவருடைய பேரப்பிள்ளைகளையும் சென்றடையக்கூடியது. இலங்கை 1959இலேயே பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்படிக்கையாகிய பேர்ண் உடன்படிக்கையில் இணைந்துவிட்டதால், அவ்வுடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளிலும் இப்படங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. முகநூலில் இட்டுவிட்டதால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது என்று சில நிறுவனங்களின் அலுவலர்கள் சொல்வது தவறு. முகநூலில் இடும்போது அந்த நிறுவனத்துக்கு மாத்திரமே நாம் ஓர் அனுமதியைக் கொடுக்கிறோம்; அங்கு வந்து பார்த்துப்போகும் ஹொட்டேல் முதலாளிக்கு எதனையும் கொடுப்பதில்லை.

இச்சட்டத்தில் எங்கள் இளைஞர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய ஏற்பாடு ஒன்று உள்ளது. அதனை அறிந்தவர்களோ மிகச் சிலர். பதிப்புரிமையைக் கைமாற்றுவதானாலும், படத்தைப் பயன்படுத்த அனுமதிப்பதானாலும், அது எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், கொடுப்பவரும் பெறுபவரும் அதில் கையொப்பமிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அத்தோடு, வெளிப்படையாகக் குறிப்பிடப்படாத எந்த உரிமையும் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்பட மாட்டாது என்றும் சொல்கிறது. ஆகவே, 'எழுத்தில் தாருங்கள்' என்று கேட்பதை வாங்குபவர்மீது கொள்ளும் ஐயமாகவோ மரியாதைக் குறைவாகவோ எவரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. சட்டம் இருதரப்பிடமும் கேட்பதையே நாமும் கேட்கிறோம். காணி உறுதியைப் போல நொத்தாரிசிடம் போகவும் தேவையில்லை. ஒரு தாளும் இரண்டு கையொப்பங்களும் போதும். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வாங்குபவர் நேரில் வர முடியாவிட்டால், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கும் மின்னணுக் கையொப்பங்களுக்கும் சட்ட அங்கீகாரம் அளித்திருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பி, ஒப்பமிட்டுத் திருப்பிப் பெற்றுக்கொள்ளலாம்.

அந்தத் தாளில் எழுத வேண்டியவை, வாங்குபவரிடம் விலைக்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கான விடைகளே. எந்தப் படம், எதற்காக, அச்சிலா, இணையத்திலா, வீதியோர விளம்பரப் பலகையிலா, பொருளின் பொதியிலா, எத்தனை பிரதிகள், எந்த நாடுகளில், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, வேறெவருக்கும் கொடுக்கக்கூடாது என்று எதிர்பார்க்கிறார்களா, படத்தை வெட்டவோ நிறம் மாற்றவோ அதன்மேல் எழுத்துப் பொறிக்கவோ போகிறார்களா, படத்தைக் கேட்பவர் தாமே பயன்படுத்தப் போகிறாரா, அல்லது ஒரு விளம்பர முகவராக இன்னொரு நிறுவனத்துக்காகக் கேட்கிறாரா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. முகவரிடம் ஒப்பமிட்டுக் கொடுத்தது அவருடைய வாடிக்கையாளர்களான நாலைந்து நிறுவனங்களின் கைகளில் உலாவுவதற்கு அதுவே காரணமாகிறது.

ஒரு நாட்காட்டிக்கான அனுமதி எவ்வளவு எளிமையாக எழுதப்படலாம் என்பதற்கு ஓர் உதாரணத்தைத் தருகிறேன்:

"இத்துடன் இணைக்கப்பட்டுள்ள நெடுந்தீவுக் குதிரைகளின் படமொன்றை, தங்கள் நிறுவனத்தின் 2027ஆம் ஆண்டுச் சுவர் நாட்காட்டியில் மாத்திரம், இலங்கைக்குள் விநியோகிப்பதற்கென 5,000 பிரதிகளுக்கு மேற்படாமல் அச்சிடுவதற்கான அனுமதியை, இன்ன தொகையைப் பெற்றுக்கொண்டு வழங்குகிறேன். இந்த அனுமதி 2027 டிசெம்பர் 31 வரை செல்லுபடியாகும். இது தங்களுக்கு மாத்திரம் உரிய அனுமதியன்று; தாங்கள் இதனைப் பிறருக்குக் கைமாற்றவும் இயலாது. படத்தின் கீழ் என் பெயர் அச்சிடப்படும். இங்கு குறிப்பிடப்படாத உரிமைகள் யாவும் என்னிடமே இருக்கும்."

இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, ஆங்கிலமும் தேவையில்லை. தமிழில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு அதே நிறுவனம் அதே படத்தைத் தனது இணையத்தளத்தில் இட விரும்பினால், இன்னொரு கடிதமும் இன்னொரு தொகையும் உண்டு.

மாறாக, வாங்குபவர்கள் அனுப்பும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல பக்கங்களில் வருகின்றன. அவற்றில், 'உலகெங்கும், என்றென்றைக்கும், இப்போதுள்ள அல்லது இனிக் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்' என்ற பொருளில் ஒரு வாசகம் எங்கேனும் இருக்கும். அதில் ஒப்பமிட்டால் மேலே சொன்ன கேள்விகள் எல்லாவற்றுக்கும் வாங்குபவருக்குச் சாதகமான விடையை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். இன்னொரு வாசகம், படத்தினால் எழும் எந்த வழக்குக்கும் எந்த நட்டத்துக்கும் படப்பிடிப்பாளரே முழுப்பொறுப்பு என்று சொல்லும். நான் எடுத்தது என் படம்தான் என்று உறுதியளிக்கலாம், அது நியாயமானது. ஆனால் அந்த நிறுவனம் படத்தின் அருகில் என்ன விளம்பர வாசகத்தை எழுதப்போகிறது என்பதற்கு நாம் எப்படிப் பொறுப்பேற்பது? அத்தகைய வரிகளைப் பேனையால் வெட்டி, அருகில் ஒப்பமிட்டுத் திருப்பியனுப்பலாம். ஒப்பந்த வரைவு என்பது பேசித் திருத்துவதற்காகவே அனுப்பப்படுகிறது. அச்சிட்டு வந்துவிட்டதால் அது மாற்ற முடியாததாகிவிடாது.

இனி விலை. இதற்கு இன்ன படத்துக்கு இன்ன தொகை என்று ஓர் அட்டவணையைத் தர முடியாது; தந்தாலும் அது பயன்படாது. வெளிநாடுகளில் நெடுங்காலம் நிலவிய முறையில், பயன்பாட்டின் பரப்பு, காலம், அளவு, தனியுரிமை (வேறெவருக்கும் கொடுப்பதில்லை என்ற உறுதி) ஆகியவற்றைக் கொண்டே ஒவ்வொரு அனுமதிக்கும் விலை கணிக்கப்பட்டது. எங்களுக்கும் அந்த வழியே பொருந்தும். வாங்குபவரிடம், "இதற்கென நீங்கள் ஒதுக்கியுள்ள தொகை எவ்வளவு?" என்று கேட்பதில் தவறில்லை. அவர்கள் அதே படத்துக்காக ஒரு படப்பிடிப்பாளரைக் கொழும்பிலிருந்து அனுப்புவதானால் போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் நாட்கூலிக்கும் என்ன செலவாகும், குறிகட்டுவானிலிருந்து படகேறி நெடுந்தீவுக்குப் போன நாளில் வானம் ஒத்துழைக்காவிட்டால் அச்செலவு எவ்வாறு இரட்டிக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசலாம். தொகையைக் குறைக்கச் சொன்னால், தொகைக்கு ஏற்றவாறு அனுமதியின் அளவைக் குறைப்பதே முறை: மூன்று ஆண்டுகளை ஓராண்டாக்கலாம், அச்சும் இணையமும் என்பதை அச்சு மாத்திரம் ஆக்கலாம், தனியுரிமையை நீக்கலாம். உரிமையை அப்படியே வைத்துக்கொண்டு தொகையை மாத்திரம் குறைத்துக்கொண்டே போனால், அடுத்த முறை எவரும் அந்தக் குறைந்த தொகையிலிருந்தே பேச்சைத் தொடங்குவார்கள். அது அவரோடு நில்லாமல், அதே ஊரில் படம் எடுக்கும் மற்றவர்களையும் பாதிக்கும்.

'பணம் தர இயலாது, உங்கள் பெயரைப் போடுகிறோம்' என்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். படைப்பாளி என்று பெயர் குறிக்கப்படும் உரிமையும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையும் சட்டத்தில் ஒழுக்க உரிமைகளாகத் தனியே உள்ளன. பொருளாதார உரிமைகளைக் கொடுத்துவிட்ட பின்னரும் அவை படைத்தவரிடமே இருக்கும். ஏற்கெனவே எனக்கு உரியதை எனக்குத் தருவது கூலியாகாது. கோவில் கும்பாபிஷேக மலருக்கும், பாடசாலையின் நூற்றாண்டு மலருக்கும், ஊர் வாசிகசாலையின் வெளியீட்டுக்கும் நான் மனமுவந்து இலவசமாகக் கொடுத்துவருகிறேன்; மற்றவர்களும் கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் கடதாசிக் கடைக்கும் அச்சகத்துக்கும் வடிவமைப்பாளருக்கும் பணம் செலுத்தும் ஒரு வணிக நிறுவனம், அந்தத் தாளில் முதலிற் கண்ணிற் படுகின்ற படத்துக்கு மாத்திரம் பணமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

அடுத்ததாகச் சொல்வது எங்கள் தொழிலைச் செய்பவர்கள் விரும்பாததாக இருக்கலாம்; எனினும் சொல்லாமல் விட முடியாது. ஒருவர் கேட்டு, அவர் பணத்தில், அவருக்காகவே எடுக்கப்படும் படத்தின் பொருளாதார உரிமைகள், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், எடுப்பித்தவருக்கே உரியவை என்பது இலங்கைச் சட்டத்தின் நிலை. ஊழியர் ஒருவர் தன் வேலையின்போது எடுத்த படத்துக்கு, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே உரிமையாளர். இதன் விளைவு இரண்டு பக்கமும் செல்கிறது. ஒரு ஹொட்டேல் தன் அறைகளையும் கடற்கரையையும் படமெடுக்க ஓர் இளைஞரை அழைத்து, எழுத்தில் எதுவும் இல்லாமல் ஒரு தொகையைக் கொடுத்தால், அப்படங்கள் அந்த ஹொட்டேலுக்கு உரியவையாகிவிடும். அவற்றை அவர் பின்னர் வேறொரு சஞ்சிகைக்குக் கொடுக்க முடியாது. ஆகவே அழைப்பின் பேரில் செல்லும்போது, புறப்படும் முன்னரே உரிமை யாரிடம் இருக்கும் என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். முன்னரே எடுத்து வைத்திருக்கும் படத்துக்கு அனுமதி கொடுப்பதும், கேட்டதன் பேரில் புதிதாக எடுத்துக் கொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு விடயங்கள். முதன்முறை விற்பவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகவே கருதுகிறார்கள்.

மறுபக்கம் எங்கள் படப்பிடிப்பு நிலையங்களைச் சேர்ந்தது. திருமண வீட்டார் பணம் கொடுத்து எடுப்பித்த மணமகளின் படம் நகைக் கடையின் விளம்பரத்திலும், சாமத்திய வீட்டில் (பூப்புனித நீராட்டு விழாவில்) எடுத்த ஒரு பிள்ளையின் படம் புடைவைக் கடையின் பலகையிலும் வருவதை நாம் காண்கிறோம். குடும்பத்தாரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் இவ்வாறு கொடுப்பதற்குப் படப்பிடிப்பு நிலையத்துக்கு உரிமை இல்லை. கோப்புகள் எங்கள் கணினியில் இருப்பதால் உரிமையும் எங்களிடம் இருப்பதாகிவிடாது. பதினாறு வயதை எட்டாத ஒரு பிள்ளையின் முகத்தை, அதுவும் அவ்வாறான சடங்கின் கோலத்தில், கடை வாசலில் வைப்பதற்குப் பெற்றோரே சம்மதித்தாலும், அந்தப் பிள்ளை வளர்ந்தபின் என்ன நினைப்பாள் என்று நாம் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இது படத்தில் இருப்பவர்களைப் பற்றிய கேள்விக்கு இட்டுச்செல்கிறது. பத்திரிகைச் செய்திக்காகவோ கலைக் கண்காட்சிக்காகவோ ஒருவரின் படத்தை வெளியிடுவது ஒன்று. ஒரு பொருளை விற்பதற்காக அவருடைய முகத்தைப் பயன்படுத்துவது வேறொன்று. விளம்பரத்தில் ஒரு முகம் வந்தவுடன், அந்த மனிதர் அப்பொருளை ஏற்றுப் பரிந்துரைக்கிறார் என்றே பார்ப்பவர் எண்ணுகிறார். வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒரு மீனவரின் அழகிய படம் ஒரு கடன் நிறுவனத்தின் விளம்பரத்தில் வந்தால், ஊரார் அவர் கடன்பட்டிருக்கிறார் என்று பேசுவார்கள்; கள்ளிறக்கும் சீவல் தொழிலாளி ஒருவரின் படம் மதுபானப் போத்தலில் ஒட்டப்பட்டால், அவரும் அவருடைய பிள்ளைகளும் அதனை விரும்புகிறார்களா என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் ஒருவரின் கண்ணியத்துக்கு இழைக்கப்படும் தீங்குக்குப் பரிகாரம் கேட்க இடம்கொடுக்கிறது. அதனைவிட முக்கியமானது, அந்த மனிதர் எங்களுடைய ஊரவர், நாளைக்கும் அதே கரையில் நாம் சந்திக்கப்போகிறவர் என்பதாகும்.

உலகில் இது எப்படி முடிந்திருக்கிறது என்பதற்கு 2007இல் நடந்த ஒரு விடயம் சான்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவர் எடுத்து, எவரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தின் கீழ் ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் இட்டிருந்த பதின்ம வயதுச் சிறுமியின் படமொன்று, வேர்ஜின் மொபைல் நிறுவனத்தின் அவுஸ்திரேலிய விளம்பரங்களில், அச்சிறுமியைப் பரிகசிப்பதுபோன்ற வாசகத்துடன் வெளிவந்தது. குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். அவுஸ்திரேலிய நிறுவனத்தின்மீது தனக்கு நியாயாதிக்கம் (விசாரிக்கும் அதிகாரம்) இல்லை என்று டெக்சாஸ் நீதிமன்றம் 2009இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. படம் எடுத்தவரின் அனுமதி இருந்தது. படத்தில் இருந்தவரின் அனுமதியை எவரும் பெறவில்லை. கடல் கடந்து சென்ற படத்தைத் துரத்திப் பிடிக்கச் சட்டத்தாலும் இயலவில்லை.

ஆகவே வணிகப் பாவனைக்குப் போகக்கூடிய படத்தில் அடையாளம் காணக்கூடிய ஒருவர் இருந்தால், அவரிடம் எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும். எந்தப் படம், எவ்வகைப் பயன்பாடு, அவருக்கு என்ன கிடைக்கும் என்பவற்றைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, படத்தின் சிறு பிரதியையும் இணைத்து ஒப்பம் வாங்க வேண்டும். பிள்ளைகளானால் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ வாங்க வேண்டும். வெளிநாட்டு வாங்குநர்களில் பலர் விளம்பரத்துக்கென வாங்கும்போது இந்தக் கடிதம் இல்லாமல் படத்தை ஏற்பதில்லை. வருமானத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவருடைய முகமும் உழைப்பும் இல்லாமல் அந்தப் படம் இல்லை. போரினால் உறவுகளை இழந்து வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்திருக்கும் தாய்மாரின் படங்களை எந்தத் தொகைக்கும் எந்தப் பொருளின் விற்பனைக்கும் கொடுக்கக்கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. ஒப்புதல் கடிதம் கிடைத்தாலும் கூடாது.

இடங்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலின் உள்ளே படமெடுக்கத் தடை இருப்பதை எல்லோரும் அறிவர். வெளிவீதியில் எடுத்த தேர்த் திருவிழாப் படத்தை விளம்பரத்துக்குக் கேட்டால், கோவில் நிர்வாகத்திடம் சொல்லாமல் கொடுப்பது முறையன்று. கோட்டை, மந்திரிமனை போன்ற தொன்மைச் சின்னங்களில் வணிக நோக்கத்துடன் படமெடுப்பதானால் தொல்லியல் திணைக்களத்திடம் முன்னரே கேட்டுவிட வேண்டும். ட்ரோன் மூலம் எடுப்பவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைப் பின்பற்றியிருக்கிறார்களா என்பதைத் தேர்ந்த வாங்குநர்கள் கேட்பார்கள்.

ஒரே படத்தைப் பல வழிகளில் கொடுக்க முற்படுபவர்கள் அவ்வழிகள் ஒன்றையொன்று அடைத்துவிடக்கூடும் என்பதையும் அறிய வேண்டும். ஷட்டர்ஸ்டொக் போன்ற இணையப் படக் களஞ்சியங்களில் இட்ட படத்தை உலகின் எந்த மூலையிலும் எவரும் சிறு தொகைக்கு ஏற்கெனவே வாங்கியிருக்கலாம். அதன்பின் உள்ளூர் நிறுவனமொன்றுக்கு 'உங்களுக்கு மாத்திரம்' என்று ஒப்பமிட்டுக் கொடுத்தால் அது பொய் வாக்குறுதியாகிவிடும். விக்கிப்பீடியாவில் வரும் படங்கள் பலவற்றின் களஞ்சியமாகிய விக்கிமீடியாப் பொதுவகம், நாம் எடுத்த படங்களை வணிகப் பயன்பாட்டுக்கும் இடமளிக்கும் திறந்த உரிமத்தின் கீழேயே ஏற்கிறது. அவ்வாறு கொடுத்த, கிரியேட்டிவ் கொமன்ஸ் எனப்படும் திறந்த உரிமத்தை மீளப் பெறவும் முடியாது. எங்கள் ஊர்களின் படங்கள் அங்கே இருப்பது மிகப் பெறுமதியான தொண்டு. நானும் அதனை ஊக்குவிக்கிறேன். விற்பதற்கென்று வைத்திருக்கும் படத்தையும் பொதுவுக்குக் கொடுக்கும் படத்தையும் முன்னரே பிரித்து வைத்துக்கொண்டு அதனைச் செய்ய வேண்டும். அண்மைக் காலத்தில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மென்பொருட்களைப் பயிற்றுவிப்பதற்குப் படத் தொகுப்புகள் விற்கப்படுகின்றன. ஷட்டர்ஸ்டொக் நிறுவனம் 2023இல் ஓப்பன்ஏஐ நிறுவனத்துடன் இதற்கென ஆறு ஆண்டு ஒப்பந்தம் செய்தது. நாட்காட்டிக்காகக் கொடுக்கும் அனுமதிக் கடிதத்திலும், 'இப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாகாது' என்ற ஒரு வரியைச் சேர்ப்பது இனி வழக்கமாக வேண்டும்.

கொடுக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு நடக்கும்போது சிறிய அளவில், பெயர் பொறித்த பிரதியை மாத்திரம் அனுப்பலாம். கடிதத்தில் ஒப்பமும் கணக்கில் பணமும் வந்தபின் முழு அளவுக் கோப்பைக் கொடுக்கலாம். 6,000க்கு 4,000 பிக்சல் அளவுள்ள ஒரு படம் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அச்சுத் தரத்தில் ஏறத்தாழ 20க்கு 13 அங்குலம் வரை நன்றாக அச்சாகும். அதைவிடப் பெரிதாகக் கேட்டால் எங்கே தொங்கவிடப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரண முறையில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். கோப்பினுள் பதிந்து வைத்த பெயர் விபரமும் அழிந்துபோகும். மின்னஞ்சலோ கோப்புப் பகிர்வுத் தளமோ நல்லது. கமரா தந்த மூலக் கோப்பை எவருக்கும் கொடுக்க வேண்டாம். பின்னர் பிணக்கு வந்தால், படம் உங்களுடையது என்று காட்டுவதற்கு அதைவிட வலுவான சான்று இல்லை.

பிணக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என்னால் உற்சாகமான விடையைத் தர முடியவில்லை. வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுபவருக்கு நீதவான் நீதிமன்றம் ஆறு மாதங்கள் வரையான சிறைத்தண்டனையோ ஐந்து இலட்சம் ரூபா வரையான தண்டப்பணமோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நட்டஈட்டுக்கான குடியியல் வழக்கு கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குரியது. ஒரு நாட்காட்டிப் படத்துக்காகக் கொக்குவிலிலிருந்து ஒருவர் தவணைக்குத் தவணை கொழும்புக்குச் சென்று வழக்காடுவது நடைமுறைச் சாத்தியமற்றது. புலமைச் சொத்துப் பணிப்பாளர் நாயகத்திடம் முறைப்பாடு செய்து விசாரணை கோரும் வழியும் சட்டத்தில் உள்ளது. அந்த அலுவலகமும் கொழும்பிலேயே இருக்கிறது. இக்காரணத்தினாலேயே முன்கூட்டிய கடிதத்தை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். என் அனுபவத்தில், ஒப்பமிட்ட கடிதத்தின் பிரதியோடு ஒரு விலைச்சிட்டையை அனுப்பியவுடன் பெரும்பாலான நிறுவனங்கள் மேலதிகப் பாவனைக்கான தொகையைச் செலுத்திவிடுகின்றன. கடிதம் இல்லாதவர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதிலே வருவதில்லை.

இக்கடிதத்தின் வழியாக மூன்று தரப்பினரிடம் வேண்டுகோள் விடுக்கிறேன். முதலாவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையினரிடம்: படத்துக்கான அனுமதிக் கடிதம் ஒன்றும், படத்தில் இருப்பவரின் ஒப்புதல் கடிதம் ஒன்றும், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், சட்டப்படி செல்லுபடியாகும் எளிய தமிழில் வரைந்து தாருங்கள். இரண்டாவது எங்கள் வணிகர் அமைப்புகளிடம்: உங்கள் அங்கத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் எடுக்கப்பட்ட படங்களை வாங்கும்போது அந்தப் படிவத்தையே பயன்படுத்துமாறு அவர்களை ஊக்குவியுங்கள், விற்பவருக்கு மாத்திரமன்றி, பின்னர் வழக்கு வராமல் வாங்குபவருக்கும் அது பாதுகாப்பு.

மூன்றாவது தங்களிடமும் ஏனைய தமிழ்ப் பத்திரிகைகளிடமும். வாசகர்கள் அனுப்பும் படங்களையும், ஊடகவியலாளர் அல்லாதோரிடமிருந்து பெறும் படங்களையும் வெளியிடும்போது, எடுத்தவரின் பெயரை அச்சிடுவதோடு, என்ன பாவனைக்குப் பெறுகிறீர்கள் என்பதை ஒரு வரியிலேனும் எழுத்தில் அவருக்கு அறிவித்து அவருடைய ஒப்பத்தையும் பெறும் வழக்கத்தைத் தொடங்குங்கள். பல இளைஞர்கள் தங்கள் படத்தை முதன்முதலாக வேறொருவரிடம் ஒப்படைப்பது ஒரு பத்திரிகையிடமே. அங்கே ஒரு கடிதத்தைக் கண்டவர்கள் அடுத்து வரும் நிறுவனத்திடமும் அதனைக் கேட்பார்கள். மேற்சொன்ன படிவங்கள் தயாரானதும் அவற்றை வார இறுதிப் பதிப்பில் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளத்தக்க வகையில் வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். நான் இதுவரை பயன்படுத்திவந்த தமிழ் அனுமதிக் கடிதங்களின் பிரதிகளை, பெயர்களையும் தொகைகளையும் நீக்கி, அப்பணியை ஏற்பவர்களுக்குத் தங்கள் அலுவலகத்தினூடாகத் தருவதற்குச் சித்தமாயிருக்கிறேன்.

இங்ஙனம்,
படப்பிடிப்பாளர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.